சென்ற வருஷம் இதே தேதி: கணக்கு எங்கே பிசகுகிறது?



"போன வருஷத்துக்கு இந்த வருஷம் எப்படி?" என்ற கேள்வியைக் கேட்காத வியாபாரி கிடையாது. பேரேடு எழுதிய காலத்தில் கணக்குப்பிள்ளை பழைய பேரேட்டைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, அதே மாதப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார். சொல்லும்போதே, "போன வருஷம் இந்த வாரம் லாரி ஸ்டிரைக்குங்க, அதான் குறைச்சல்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். இன்று கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டு வருஷமும் அருகருகே வந்து நிற்கின்றன. ஏற்றம் பச்சை நிறத்தில், இறக்கம் சிவப்பு நிறத்தில். கணக்குப்பிள்ளை சேர்த்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் அதில் வருவதில்லை.

எங்கள் கடையில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். நாங்கள் விருதுநகரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறோம். நாலு லைன் போகிறது. பில் போடுவதெல்லாம் பல வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான். 2024ஆம் வருஷம் தம்பி மகன், பில் விவரங்களையெல்லாம் எடுத்து, லைன் வாரியாக, சரக்கு வாரியாக, மாத வாரியாகச் சென்ற வருஷத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் ரிப்போர்ட் ஒன்றைத் தயார் செய்து கொடுத்தான்.

அக்டோபர் முடிந்ததும் பார்த்தோம். விளங்குவதற்காக ஒரு லைனை மட்டும், முழு எண்ணாக்கிச் சொல்கிறோம். 2023 அக்டோபரில் 24 லட்சம் விற்ற லைன், 2024 அக்டோபரில் 36 லட்சம் விற்றிருந்தது. 50 சதவீதம் ஏற்றம். சந்தோஷத்துக்குக் கேட்க வேண்டுமா? மற்ற லைன்களும் அதே போக்கில்தான் இருந்தன. இந்த வேகத்தில் போனால் நவம்பருக்குச் சரக்குப் போதாது என்று கடலைமாவும் மைதாவும் ரவையும் வழக்கத்தைவிட அதிகமாக வாங்கி அடுக்கிவிட்டோம். நவம்பர் முடிந்தது. அதே லைன் 2023 நவம்பரில் 26 லட்சம், 2024 நவம்பரில் 17 லட்சம். 35 சதவீதம் இறக்கம், சிவப்பு நிறத்தில்.

அந்த லைன் பார்ப்பவர் எங்களிடம் 18 வருஷமாக இருக்கிறவர். அவரைக் கூப்பிட்டு, கடைக்காரர்களை ஒழுங்காகப் போய்ப் பார்க்கிறீரா, வேறு யாருடைய சரக்கையாவது இறக்குகிறீரா என்று கேட்கிற அளவுக்குப் பேசிவிட்டோம். லைனை மாற்றிவிடுவது என்றும் முடிவாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, "முதலாளி, போன வருஷம் தீபாவளி எந்த மாசம் வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. சில்லறைக் கடைக்காரர் தீபாவளிச் சரக்கைப் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னால் எடுக்கத் தொடங்கி, நாலைந்து நாள் இருக்கும்போது முடித்துவிடுகிறார். ஆகவே 2023இல் அந்தச் சரக்கு பாதி அக்டோபரிலும் பாதி நவம்பரிலும் போயிற்று. 2024இல் முழுக்க அக்டோபரிலேயே போய்விட்டது. இரண்டு மாதத்தையும் கூட்டிப் பாருங்கள். 2023இல் 50 லட்சம், 2024இல் 53 லட்சம். ஏற்றம் 6 சதவீதம். அந்த 50 சதவீத ஏற்றமும் பொய், 35 சதவீத இறக்கமும் பொய். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். கடலைமாவுதான் மன்னிக்கவில்லை. ஜனவரியில் வண்டு பிடித்து, அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட வேண்டியதாயிற்று.

இங்கிலீஷ் தேதியும் நம் பண்டிகையும்

தீபாவளி சந்திரனை வைத்து வருவது. பன்னிரண்டு சந்திர மாதம் கூடினால் 354 நாள்தான். இங்கிலீஷ் வருஷத்துக்கு அது சுமார் 11 நாள் குறைவு. அதனால் பண்டிகை வருஷா வருஷம் 10 முதல் 12 நாள் வரை முன்னால் வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அதிக மாதம் ஒன்று சேரும்போது, 19 நாள் அளவுக்குப் பின்னால் தாண்டும். 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஆக, 2026 அக்டோபரை 2025 அக்டோபரோடு ஒப்பிட்டால் ரிப்போர்ட் சிவப்பாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு விற்பனையாளரையோ, கடைப் பையன்களையோ யாரும் கோபிக்க வேண்டாம்.

ரம்ஜான் இன்னும் ஒரு படி மேலே. அந்தக் காலண்டரில் அதிக மாதம் கிடையாது. ஆகையால் வருஷம் முழுவதையும் சுற்றி வரும். 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. நம்முடைய நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 முடிய. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2024-25 என்ற ஒரே நிதியாண்டில் இரண்டு ரம்ஜான் வந்து விழுந்துவிட்டது! சேமியா, பேரீச்சம்பழம், நெய் விற்கிறவர்கள் அந்த வருஷத்தை எந்த வருஷத்தோடு ஒப்பிட்டாலும் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

பொங்கலும் ஆடியும் நமக்குத் தொந்தரவு தருவதில்லை. அவை சூரியனை ஒட்டியவை, ஒரு நாளுக்கு மேல் நகராது.

இதற்கு நாங்கள் செய்த வழி மிகவும் எளிது. தேதிக்குப் பக்கத்தில் "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்" என்று ஒரு கட்டம் போட்டோம். 2024 அக்டோபர் 1ஆம் தேதிக்கு எதிரே 30 என்று இருக்கும். 2025 செப்டம்பர் 20ஆம் தேதிக்கும் 30 என்று இருக்கும். ஒப்பிடுவது இந்த 30ஐயும் அந்த 30ஐயும்தான். 2024 அக்டோபர் 1 முதல் 30 வரைக்கும் ஜோடி 2025 செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஆயுத பூஜை 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1. தீபாவளி நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்கிறது. ஆகவே பொரி, கடலை, வெல்லம் வியாபாரமும் இரண்டு வருஷத்திலும் இந்த 30 நாளுக்குள் அடங்கிவிடுகிறது. மாதக் கணக்கில் பார்த்திருந்தால், 2025இல் அந்தச் சரக்கு செப்டம்பரிலேயே போய்விட்டதால் இரண்டாம் காலாண்டு ஏற்றமாகவும் மூன்றாம் காலாண்டு இறக்கமாகவும் தெரிந்திருக்கும்.

ரிப்போர்ட்டுக்கு உள்ளேயே இருந்த தவறுகள்

தீபாவளி விஷயம் தெரிந்த பிறகு, மற்றதெல்லாம் சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. 2025 ஜூனில் தம்பி மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பரீட்சை செய்தோம். ஒரு வாரத்தின் "சென்ற வருஷ" எண்களை, 2024ஆம் வருஷத்துப் பில்களை எடுத்துக் கையால் கூட்டிச் சரிபார்த்தோம். சேரவில்லை. ரிப்போர்ட்டில் இருந்த தொகை குறைவாக இருந்தது. சென்ற வருஷம் குறைத்துக் காட்டப்பட்டால் இந்த வருஷம் தானாக வளர்ந்த மாதிரி தெரியும் அல்லவா? அப்படிக் கிடைத்த வளர்ச்சியைத்தான் நாங்கள் அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் சென்ற வருஷத்தைப் பார்க்கும் முறை இதுதான். ஒரு தேதியை எடுத்துக்கொள்ளும், அதில் ஒரு வருஷம் பின்னால் போகும், அங்கே இருக்கும் விற்பனையைக் கொண்டுவந்து இந்தத் தேதிக்குப் பக்கத்தில் வைக்கும். எங்கள் ரிப்போர்ட்டில் தேதிகள் பில்லிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. பில் இல்லாத நாளுக்குத் தேதியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுமுறை. 2025 ஜூன் 15 ஞாயிறு, பில் இல்லை, ஆகவே அந்த வரியே இல்லை. ஆனால் 2024இல் ஜூன் 15 சனிக்கிழமை. அன்று நல்ல வியாபாரம். அதைக் கொண்டுவந்து வைக்க இடம் இல்லாததால் அந்தத் தொகை காணாமல் போய்விட்டது. அந்த ஒரு சனிக்கிழமை மட்டுமல்ல. ஒரு வருஷம் கழிந்தால் தேதிக்குக் கிழமை சாதாரணமாக ஒன்று நகர்கிறது. ஆகவே இந்த வருஷ ஞாயிறுகளுக்கு எதிரே நிற்பவை எல்லாம் சென்ற வருஷச் சனிக்கிழமைகள். அத்தனை சனிக்கிழமை வியாபாரமும் கணக்கில் வரவில்லை!

பரிகாரம் என்னவென்றால், தேதிக்கென்று தனி அட்டவணை ஒன்று வைக்க வேண்டும். பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரியாக இருக்க வேண்டும். ஒரு நாள் விடக்கூடாது, ஒரு நாள் இரண்டு தடவை வரக்கூடாது. நாங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை போட்டிருக்கிறோம். மொத்தம் 1,826 வரிகள். எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ தவறு இருக்கிறது. பில் அட்டவணையை இந்தத் தேதி அட்டவணையோடு இணைத்து, "சென்ற வருஷம்" என்ற கணக்கை இந்த அட்டவணையின் தேதியை வைத்துத்தான் போடச் சொல்ல வேண்டும். பவர் பி.ஐ. போன்ற மென்பொருள்களில் இதுதான் தேதி அட்டவணை என்று குறித்து வைக்கவும் வழி இருக்கிறது. ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

சில சமயம் இதற்கு நேர்மாறாக, சென்ற வருஷக் கட்டம் முழுக்க வெறுமையாக நிற்கும். அப்போது பில்லில் மணி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தேதி என்பது ஓர் எண்தான். எக்செல் கணக்கில் 2025 ஏப்ரல் 5 என்பது 45752. அன்று மதியம் 12 மணிக்குப் போட்ட பில் 45752.5 ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏப்ரல் 5 என்றுதான் தெரியும். ஆனால் தேதி அட்டவணையில் இருப்பது முழு எண், பில்லில் இருப்பது அரை சேர்ந்த எண். இரண்டும் பொருந்தாது. மணியைத் தனிக் கட்டத்தில் பிரித்து வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு தவறு வேடிக்கையானது. எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரர் தம் விற்பனைக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். ஏப்ரல் மாத விற்பனை குட்டியாக இருந்தது. ஆனால் அக்டோபர் 4, நவம்பர் 4, டிசம்பர் 4 என்று இன்னும் வராத தேதிகளில் எல்லாம் விற்பனை நடந்திருந்தது. நாம் நாள், மாதம், வருஷம் என்று எழுதுகிறோம். அமெரிக்க முறையில் மாதம் முதலில். அவருடைய கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருந்தது. 10-4-2025 என்றால் நமக்கு ஏப்ரல் 10, அதற்கு அக்டோபர் 4. அப்படியானால் 13ஆம் தேதி முதல்? பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. ஆகவே அவற்றைத் தேதி என்றே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிட்டது. எழுத்தாகிவிட்ட தேதி கூட்டலில் எந்த மாதத்திலும் சேராது. எக்செல்லில் இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான அடையாளம் உண்டு. நாமாக ஒதுக்கி வைக்காதவரை, சரியான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிவிட்டது இடப்பக்கம் ஒட்டி நிற்கும்.

நிதியாண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். "ஆண்டுத் தொடக்கம் முதல் இன்று வரை" என்று கேட்டால், நாம் தனியாகச் சொல்லாதவரை கம்ப்யூட்டர் ஜனவரி 1இலிருந்துதான் கூட்டும். மார்ச் 31 ஆண்டு முடிவு என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். அது போலவே, நடப்பு ஆண்டில் ஏழு மாதம்தான் முடிந்திருக்கும், எதிரே சென்ற ஆண்டின் பன்னிரண்டு மாதமும் வந்து நிற்கும். கடைசியாகப் பில் போட்ட தேதி எதுவோ, சென்ற ஆண்டையும் அதே தேதியோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். இதைக் கவனிக்காமல் வங்கிக்கு ரிப்போர்ட் கொடுத்தால், விற்பனை பாதியாகக் குறைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, ஓ.டி. வரம்பில் கை வைத்துவிடுவார்கள்.

ஞாயிறும் பிப்ரவரி 29உம்

2024 ஆகஸ்டில் ஞாயிறு நாலு. 2025 ஆகஸ்டில் ஞாயிறு ஐந்து. சுதந்திர தினத்தையும் கழித்தால் எங்களுக்கு வேலை நாள் 26க்கு 25. இதிலேயே ஏறக்குறைய 4 சதவீதம் போய்விடுகிறது. வியாபாரம் குறைந்ததா, ஞாயிறு கூடியதா என்று தெரிய, மொத்தத்தை வேலை நாளால் வகுத்துப் பார்த்தால் போதும். நாள் நாளாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு வருஷம் பின்னால் போகாமல் 364 நாள் பின்னால் போகலாம். 364 என்பது சரியாக 52 வாரம், திங்களுக்கு எதிரே திங்களே வரும். சந்தை கூடும் கிழமையை நம்பி வியாபாரம் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் பண்டிகைக் காலத்துக்கு இது உதவாது.

2024 பிப்ரவரிக்கு 29 நாள். 2025 பிப்ரவரியை அதோடு நாள் நாளாக ஒப்பிட்டால் 29ஆம் தேதி விற்பனைக்கு ஜோடி கிடைக்காது. மாதமாக ஒப்பிட்டால் அது சேர்ந்து வரும். நாள்களைக் கூட்டிய தொகையும் மாதத் தொகையும் ஏன் சேரவில்லை என்று தம்பி மகன் ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

வரியும் விலையும்

தேதி எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் வரிக் குறைப்பை அறிவித்தது. செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12இலிருந்து 5க்கு வந்தன. முன்பு 100 ரூபாய்ச் சரக்குக்குப் பில் தொகை 118. இப்போது 105. அதே எண்ணிக்கையில் விற்றாலும் பில் தொகையில் 11 சதவீதம் இறங்கியதாகத் தெரியும். எங்கள் ரிப்போர்ட் பில் தொகையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. சோப்பு வியாபாரம் சரிந்துவிட்டது என்று காட்டியது. வரி நீக்கிய மதிப்புக்கு மாற்றியதும் சரிவு மறைந்தது.

மாறிய நாள்களிலும் ஒரு சங்கதி உண்டு. அறிவிப்பு வந்த பிறகு 21ஆம் தேதி வரை எங்கள் கடைக்காரர்கள் இந்தச் சரக்குகளைக் கை நனைக்கவே தயங்கினார்கள். 22க்குப் பிறகு சேர்த்து எடுத்தார்கள். 2025 தீபாவளியின் 30 நாள் கணக்குத் தொடங்குவதே செப்டம்பர் 20. ஆகவே அந்தச் சேர்த்து எடுத்த சரக்கெல்லாம் தீபாவளி வியாபாரம் போல அதற்குள் கலந்துவிட்டது. 2026இல் இதோடு ஒப்பிடும்போது, இந்த ஐந்தாறு சரக்கை மட்டும் தனியே பிரித்து வைத்துவிட்டு மற்றதைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துவரம்பருப்பு 2023, 2024இல் ஏறி நின்று 2025இல் இறங்கியது. ரூபாயில் பார்த்தால் வியாபாரம் குறைவு, மூட்டையில் பார்த்தால் கூடுதல் என்று வரும். இரண்டு கட்டமும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வருஷத்தோடும் ஒப்பிட முடியாத மாதங்களும் உண்டு. 2020 ஏப்ரல் ஊரடங்கு மாதம். 2021 ஏப்ரலை அதோடு ஒப்பிட்டு வந்த சதவீதத்தைப் பார்த்து யாரும் கடை விரிவு செய்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம். அதற்கு 2019 ஏப்ரலைத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, எங்கள் தேதி அட்டவணையில் "குறிப்பு" என்று இன்னொரு கட்டமும் சேர்த்திருக்கிறோம். மழை, லாரி வராதது, ஊர்த் திருவிழா, பக்கத்தில் புதுக்கடை திறந்தது, விற்பனையாளர் காய்ச்சலில் படுத்தது என்று எதுவானாலும் அன்றன்றைக்கு அதில் ஏறிவிடும். 2023, 2024ஆம் வருஷத்துக் குறிப்புகளை அந்த 18 வருஷ விற்பனையாளரின் சட்டைப்பை டைரியிலிருந்தே எடுத்தோம். அவர் படிக்கப் படிக்கத் தம்பி மகன் ஏற்றினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. லைனை அவர்தான் இன்னமும் பார்க்கிறார்.